சூடு தெரியாத பாதம்

முதல் மரு எனக்குத்தான் வந்தது. வலது கை மோதிர விரலில், நகத்துக்குச் சற்றுக் கீழே, கடுகு அளவுக்கு. தடவினால் சொரசொரவென்று இருக்கும். வலி இல்லை, அரிப்பு இல்லை. வேறு வேலையில் இருந்திருந்தால் நான் அதைக் கண்டுகொண்டிருக்கவே மாட்டேன்.

ஆனால் நான் சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு நகைக்கடையில் வேலை பார்க்கிறேன். மோதிரத்தை என் விரலில் போட்டுக் காட்டித்தான் விற்க வேண்டும். வாடிக்கையாளரின் கண் கல்லுக்குப் போவதற்கு முன்னால் என் மருவுக்குப் போனது. ஒரு அம்மா நான் போட்டுக் காட்டிய மோதிரத்தைக் கையில் வாங்கவே தயங்கி, "இதே டிசைன்ல வேற பீஸ் இருக்கா?" என்று கேட்டார். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

கடையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அம்மான் பச்சரிசிச் செடியைக் கிள்ளி அதன் பாலைத் தடவு என்றார் ஒருவர். புக்கிட் பாத்தோக்கில் அரசு கட்டிய வீவக அடுக்குமாடியில் இருக்கிறவள் அம்மான் பச்சரிசிக்கு எங்கே போவேன்? கோயிலில் உப்பும் மிளகும் போடச் சொன்னார் இன்னொருவர். போட்டேன், பொய் சொல்ல மாட்டேன். சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து வைக்கச் சொன்னவரிடம் மட்டும், "மொதல்ல உங்க விரல்ல வச்சுக் காட்டுங்க, பார்ப்போம்" என்றேன். அதோடு அவர் அந்தப் பேச்சை விட்டார்.

கடைசியில் மருந்துக்கடைக்குப் போனேன். மருந்தாளர் ஒரு சின்ன பாட்டில் கொடுத்தார். சாலிசிலிக் அமிலம் (தடித்த தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தெடுக்கும் மருந்து). கொடுப்பதற்கு முன் யாருக்கு என்று கேட்டார். எனக்கு என்றேன். நீரிழிவு உண்டா, கர்ப்பமா, அந்த இடத்தில் புண் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். இந்த வயதில் கர்ப்பம் வேறா என்று சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவர் சொன்னபடியே செய்தேன். மாலையில் விரலை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைப்பது, வெளுத்த தோலை அரத்தாளால் மெல்லத் தேய்ப்பது, சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலின் தடவுவது, மருவின் மேல் மட்டும் ஒரு சொட்டு மருந்து வைப்பது, காய்ந்ததும் பிளாஸ்டர் ஒட்டுவது. மரு என்பது தோலின் மேலடுக்கில் குடியேறும் ஒரு வைரஸ் (நுண்கிருமி) செய்கிற வேலை. அது அவசரப்பட்டுப் போகாது. வாரக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். மூன்றாம் மாதம் தொடங்கும்போது விரல் வழவழப்பாகிவிட்டது. மரு எந்த இடத்தில் இருந்தது என்று நானே தேட வேண்டியிருந்தது.

என் மரு போய்விட்டது. அதே மருந்தால் என் கணவருக்குக் கால் விரல் ஒன்று போய்விட்டது. இரண்டையும் செய்தது ஒரே கை, என் கை. கையில் மருந்து பாட்டிலோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு உதவ வேண்டும் என்ற நல்லெண்ணம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

என் கணவர் குணசேகரன் மின்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்தில் மேற்பார்வையாளர். நாள் முழுவதும் கனமான பாதுகாப்பு பூட்ஸுக்குள்தான் கால். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சோபாவில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் அதைப் பார்த்தேன். இடது பாதத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில், பட்டாணி அளவுக்கு ஒரு தடிப்பு. தோலின் கோடுகள் அதைச் சுற்றிக்கொண்டு விலகிப் போயின. நடுவில் கருப்புப் புள்ளிகள் (உள்ளே உறைந்துபோன நுண்ணிய இரத்தக் குழாய்கள்). கால் ஆணியில் அந்தப் புள்ளிகள் இருக்காது. என் மருவுக்காகப் படித்ததில் இதெல்லாம் எனக்கு அத்துப்படி ஆகியிருந்தது.

"இது மருங்க," என்றேன். "எவ்வளவு நாளா இருக்கு?"

"யாருக்குத் தெரியும்? இப்பத்தான் நானே பார்க்கிறேன்."

"நடக்கும்போது உறுத்தலையா?"

"இல்லையே."

ஒரு மனிதர் தன் முழு எடையையும் அதன் மேல் வைத்து நாள் முழுக்க நடக்கிறார், அது உறுத்தவே இல்லை என்கிறார். அந்த இடத்திலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். ஆனால் என் விரலில் கண்ட வெற்றி எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது. பாதத்தோல் தடிமன் என்பதால், அதற்கென்றே விற்கும் வீரியம் கூடிய மருந்துப் பட்டைகளை வாங்கி வந்தேன். இந்தத் தடவை நான் மருந்தாளரிடம் எதுவும் கேட்கவில்லை. எடுத்தேன், காசு கொடுத்தேன், வந்தேன்.

ஆனாலும் பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்தேன். அதை அவருக்கு வாய்விட்டே படித்துக் காட்டினேன். நீரிழிவு உள்ளவர்கள், கால்களில் இரத்த ஓட்டம் குறைந்தவர்கள், உணர்ச்சி குறைந்தவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று அதில் இருந்தது.

"என்னங்க, உங்களுக்கு இனிப்பு நீர் இல்லல்ல?"

"நான் கோப்பிக்கே சீனி போடறதில்ல. எனக்கு எங்கேருந்து இனிப்பு நீர்?"

உண்மைதான். காப்பிக்கடையில் அவர் எப்போதும் கோப்பி ஓ கோசோங்தான் குடிப்பார், பாலும் இல்லாமல் சீனியும் இல்லாமல். அது அவருடைய ருசி என்று நான் நினைத்திருந்தேன். இப்போது அந்தப் பதிலை எத்தனையோ முறை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். கேட்டதற்கு இல்லை என்று அவர் சொல்லவே இல்லை.

அந்தக் கேள்வியை நான் ஒப்புக்குக் கேட்கவில்லை. என் அப்பா மார்சிலிங்கில் இருந்தவர். இனிப்பு நீர் அவரிடமிருந்து முதலில் ஒரு விரலை எடுத்தது, பிறகு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தது, கடைசியில் உயிரையும் எடுத்தது. வேலை முடிந்து தினமும் மார்சிலிங்குக்குப் போய் அப்பாவுக்குக் கட்டு மாற்றியவள் நான். அப்பாவைச் சக்கர நாற்காலியில் தூக்கி உட்காரவைத்தவர் இவர். அந்தப் புண்ணின் வாடை எப்படி இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அப்படிப்பட்டவரிடம்தான் கேட்டேன்.

தினமும் மாலையில் அவர் காலை என் மடியில் வைத்து வேலையைத் தொடங்குவேன். ஊற வைத்து, தேய்த்து, பட்டையை வெட்டி ஒட்டுவேன். அவர் தொலைக்காட்சியில் செய்தி பார்ப்பார். நான் எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் முகத்தில் ஒரு சுளிப்புகூட இருக்காது. என் விரலுக்குச் செய்தபோது சில நாள் எனக்கு எரிந்தது. இவருக்கு எரியவில்லை. என்ன பொறுமை இந்த மனிதருக்கு என்று பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமைக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. என் கணவர் பல ஆண்டுகளாகத் தீ மிதிப்பவர். ஐப்பசி பிறந்தால் விரதம். வீட்டில் மீன் கிடையாது, இறைச்சி கிடையாது, அவருக்குத் தரையில்தான் படுக்கை. இந்த மருவைப் பார்ப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால் நடந்த தீமிதியில் அவர் பூக்குழி இறங்கி, அதன் முடிவில் பால் ஊற்றி வைத்த பால்குழியில் கால் வைத்து வெளியே வந்தபோது முகம் அமைதியாக இருந்தது. மற்ற ஆண்டுகளில் வீட்டுக்கு வந்து காலைத் தண்ணீரில் வைத்தபடி உட்கார்ந்திருப்பார். அந்த ஆண்டு வைக்கவில்லை.

"சூடே தெரியல மஞ்சு," என்றார். "பூவு மேல நடந்த மாதிரிதான் இருந்துச்சு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. செங்காங்கில் இருக்கும் அவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், அதை உறவுக்காரர்கள் ஒருவர் விடாமல் எல்லாரிடமும் சொன்னார். தம்பி மேல் அம்மன் இறங்கிவிட்டாள், சூடே தெரியவில்லையாம் என்று. நான் அன்று அந்தப் பாதங்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. சொன்னால்தான் மற்றது உங்களுக்குப் புரியும்.

மூன்றாம் வாரம் மரு இருந்த இடம் வெள்ளையாக, ஊறிய அப்பம் போல இருந்தது. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தேன். நான்காம் வாரம் அவருடைய காலுறையில் மஞ்சளாக ஒரு கறை. "வலிக்குதா?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல லா, நீ பாட்டுக்குப் பண்ணு" என்றார். பண்ணினேன்.

ஒரு காலை அவர் பூட்ஸுக்குள் கால் நுழையவில்லை. பாதம் வீங்கியிருந்தது. சுண்டுவிரல் கருஞ்சிவப்பாக இருந்தது. நெற்றியைத் தொட்டேன், காய்ச்சல் அனலாக அடித்தது. குனிந்து பட்டையை எடுத்தேன். அப்போது அந்த வாடை வந்தது. மார்சிலிங் வீட்டு வாடை. எழுந்து டாக்சிக்குச் சொன்னேன்.

பலதுறை மருந்தகத்தில் (அரசின் பொது மருத்துவ நிலையம்) எங்களைப் பார்த்தவர் ஓர் இளம் தமிழ்ப் பெண் மருத்துவர். பாதத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. தாதி என் கணவர் விரலில் குத்தி இரத்தச் சர்க்கரையைப் பார்த்துச் சொன்னார். மருத்துவர் கணினியைப் பார்த்தார், பிறகு என் கணவரைப் பார்த்தார்.

"அங்கிள், மாத்திரைய எப்ப நிறுத்துனீங்க?"

என்ன மாத்திரை என்று நான் கேட்கவில்லை. வேறு யாருடைய கணினிப் பக்கத்தையோ தவறாகத் திறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் கணவர், தரையைப் பார்த்தபடி, "தீமிதி விரதத்தப்ப" என்றார்.

"எத்தனை வருஷம் முன்னாடி?"

"ரெண்டு வருஷம் இருக்கும். விரதத்துல மாத்திர போட்டா மயக்கம் வந்துச்சு. அப்புறம் தொடரல."

மருத்துவர் என் பக்கம் திரும்பி, "ஆன்ட்டி, அங்கிளுக்கு டயபெட்டிஸ் இருக்கறது உங்களுக்குத் தெரியும்ல?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்து அவரே புரிந்துகொண்டார். நகைக்கடையில் கல்லில் உரசிப் பார்க்காமல் யாருடைய பழைய தங்கத்தையும் நான் எடுத்துக்கொண்டதில்லை. வீட்டில் இருந்த மனிதரை உரசிப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை.

காலில் என்ன மருந்து வைத்தீர்கள் என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. பொறுமையாக விளக்கினார். நீரிழிவு பல ஆண்டுகள் கட்டுக்குள் இல்லாமல் இருந்தால் நியூரோபதி (கால் நரம்புகள் உணர்விழப்பது) வரலாம். அப்படிப்பட்ட காலில் இந்த அமிலம் மருவோடு நிற்காது, நல்ல தோலையும் தின்றுகொண்டே போகும். வலி சொல்லித்தானே நாம் கையை எடுக்கிறோம்? அங்கே சொல்வதற்கு வலி இல்லை.

எனக்கு அப்போதுதான் மற்றது நினைவுக்கு வந்தது. "டாக்டர், இவரு தீ மிதிப்பாரு. ரெண்டு வருஷம் முன்னாடி சூடே தெரியலன்னாரு," என்றேன்.

"நான் சாமிய பத்தி ஒண்ணும் சொல்லல ஆன்ட்டி. நரம்ப பத்தி மட்டும்தான் சொல்ல முடியும். அப்பவே ஆரம்பிச்சிருக்கலாம்" என்றார்.

அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நரம்பு வழியாகக் கிருமிக்கொல்லி மருந்து ஏற்றினார்கள். புண்ணுக்கு டெபிரிட்மென்ட் (செத்துப்போன சதையை வெட்டிச் சுத்தம் செய்வது) செய்தார்கள். ஊடுகதிர்ப் (எக்ஸ்ரே) படத்திலும் ஸ்கேனிலும் சுண்டுவிரல் எலும்புக்குள் கிருமி புகுந்திருப்பது தெரிந்தது. அறுவை மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. விரலை எடுத்தால் பாதத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம், விரலைக் காப்பாற்ற நினைத்தால் பாதம் போகலாம் என்றார். என் அப்பாவுக்கும் இதே வரிசையில்தான் சொன்னார்கள். முதலில் விரல். எனக்கு அடுத்தது என்ன என்று தெரியும். விரல் எடுத்த பிறகு புண் ஆறுமா, அல்லது அது மேலே ஏறிக்கொண்டே போகுமா என்பதுதான் எனக்கு அந்த நாட்களின் ஒரே கேள்வி.

நடைபாதையில் அண்ணி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் மகள் வித்யா அலுவலகத்திலிருந்து நேராக வந்து எதிரே நின்றிருந்தாள். அண்ணி அழுதார். அந்த அழுகையில் ஏதோ ஒன்று எனக்குச் சரியாகப் படவில்லை. அதிர்ந்துபோய் அழுகிறவர் மாதிரி இல்லை அது.

"அண்ணி, உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

கைப்பையின் ஜிப்பை இழுத்தார், மூடினார். "நான் எத்தனையோ வாட்டி சொன்னேன் மஞ்சு, அவகிட்ட சொல்லிடுடான்னு. உங்கப்பாவ வச்சு நீ பட்ட பாடெல்லாம் பார்த்தவன்ல. உன்கிட்ட சொன்னா நீ ஒடஞ்சி போயிடுவேன்னான்."

"இப்ப ஒடையாம உக்காந்திருக்கேனா?"

"என்ன இருந்தாலும் தம்பி. சொல்லாதன்னு கையப் புடிச்சுக்கிட்டான். நான் என்ன லா செய்வேன்?"

"சூடே தெரியலன்னு அவரு சொன்னப்ப ஊரு பூரா சொன்னது நீங்கதானே அண்ணி. அப்பவும் உங்களுக்கு இது தெரியும்."

"அது வேற, இது வேற."

"வேற இல்ல. ரெண்டும் அதே கால்தான்."

வித்யா என் தோளில் கை வைத்து, "அம்மா, போதும்" என்றாள். அவளுக்கும் எதுவும் தெரியாது என்பதை அவள் முகத்தைப் பார்த்தே நம்பினேன். அதுகூட அன்று எனக்கு ஓர் ஆறுதலாக இருந்தது. இன்றுவரை அண்ணி வீட்டுக்கு நான் போகவில்லை. தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்பினார். அதை அடுக்குமாடியின் துப்புரவு ஊழியருக்குக் கொடுத்துவிட்டேன்.

சுண்டுவிரலை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து இரண்டு நாள் கழித்துத்தான் நான் அவரோடு பேசினேன். பக்கத்துப் படுக்கைக்காரர் குளிக்கப் போயிருந்த நேரம்.

"நான் கேட்டேனா இல்லையா?"

"கேட்ட."

"அந்தத் தாளப் படிச்சுக் காட்டுனேனா?"

"காட்டுன."

"அப்புறம் எதுக்குக் கால நீட்டுனீங்க?"

போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டே சொன்னார். "வேணாம்னா ஏன்னு கேட்ப. ஏன்னு சொன்னா எல்லாம் வெளிய வந்துடும். உன் விரல்ல எடுத்த மாதிரி எடுத்துடுவ, முடிஞ்சிடும்னு நெனச்சேன். வலிக்கவும் இல்ல."

"என்கிட்ட எதுக்கு மறைச்சீங்க?"

"உங்கப்பா காரியத்தன்னிக்கு நீ சொன்னது ஞாபகம் இருக்கா? இனிமே இன்னொரு சக்கர வியாதிக் காலுக்கு என்னால கட்டுப் போட முடியாதுன்னு. அதுக்கு அப்புறம் நாலஞ்சு மாசத்துல எனக்கு வேலையிடத்துச் செக்கப்ல கண்டுபிடிச்சாங்க. எப்படிச் சொல்லுவேன்?"

எனக்கு அப்படிச் சொன்னதே ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பேன். அப்பாவைப் பறிகொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவள் என்ன வேண்டுமானாலும் சொல்வாள். அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஆண்டுக்கணக்காகக் குடும்பம் நடத்தியிருக்கிறார். மாத்திரைகளை வேலையிடத்தில் வைத்திருக்கிறார். சோறு வேண்டாம் என்ற நாட்களில் விரதம் என்றிருக்கிறார். பாயசத்தை ஒதுக்கிய நாட்களில் வேண்டுதல் என்றிருக்கிறார். சாமியைக்கூட இதற்குள் இழுத்துவிட்டிருக்கிறார். நானோ அவருடைய பக்தியை மெச்சிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்பினால் மறைத்தார் என்று என்னிடம் பலர் சொல்லிவிட்டார்கள். இருக்கட்டும். கட்டுப் போட முடியாது என்றுதானே நான் சொன்னேன்? அவர் என் கையாலேயே அந்தப் புண்ணை உண்டாக்க வைத்தார். தினமும், மடியில் வைத்து, செய்தி பார்த்துக்கொண்டே. அந்த அன்பை எந்தத் தராசில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கையைப் பிடித்து உட்கார்ந்திருந்த நேரத்திலும் எனக்குள் ஒருத்தி, பாவி, என்னை இப்படி ஆக்கிவிட்டாயே என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

புண் ஆறியது. மெதுவாக, பின்வாங்கி, மறுபடி முன்னேறி, பல மாதங்கள் எடுத்து ஆறியது. காலின் பெரிய இரத்தக் குழாய்கள் நன்றாக இருந்ததால் தப்பித்தார் என்று அறுவை மருத்துவர் சொன்னார். பாதம் எங்களிடமே இருக்கிறது. முதல் சில வாரங்கள் தாதி வீட்டுக்கு வந்து கட்டு மாற்றினார். பிறகு நானே மாற்றினேன். கை பழகியதுதானே.

இப்போது உங்களிடம் வருகிறேன். விரலிலோ கையிலோ சாதாரண மரு என்றால், உடம்பில் வேறு சிக்கல் இல்லையென்றால், வீட்டிலேயே பார்க்கலாம். என் விரல் சாட்சி. பொறுமை வேண்டும், அவ்வளவுதான். முகத்திலும் மறைவிடங்களிலும் இந்த மருந்தை வைக்காதீர்கள். தேய்க்கிற அரத்தாளையும் கல்லையும் வீட்டில் இன்னொருவர் தொடக்கூடாது. மரு அப்படியும் பரவும். எங்கள் குளியலறையில் ஒரே பாதக்கல்தான் இருந்தது, அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. மூன்று மாதம் விடாமல் செய்தும் போகவில்லை, வேகமாகப் பெருகுகிறது, நிறம் மாறுகிறது, இரத்தம் கசிகிறது, மருவா வேறு ஏதாவதா என்று சந்தேகமாக இருக்கிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனிப்பு நீர் இருப்பவர் என்றால் பாதத்தில் எதையும் நீங்களாக வைக்காதீர்கள். மரு பட்டை, ஆணி பட்டை, பிளேடு, எதுவும் வேண்டாம். வலித்தால் மருத்துவரிடம் போகிறேன் என்று இருக்காதீர்கள். வலிக்க வேண்டிய இடம் வலிக்காவிட்டால் அன்றைக்கே போங்கள். இன்னொன்று. அடுத்தவர் உடம்பில் நீங்கள் மருந்து வைப்பதாக இருந்தால், அவர் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாதீர்கள். கூட்டிக்கொண்டு போய் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பாருங்கள். கட்டிய கணவரானாலும், முக்கியமாகக் கட்டிய கணவரானால்.

புண் ஆறிய பிறகு பாதப் பராமரிப்பு மருந்தகத்துக்குப் போனோம். தாதி ஒரு மெல்லிய நைலான் இழையை எடுத்தார் (பாதத்தில் எங்கெங்கே உணர்வு மிச்சமிருக்கிறது என்று அறியும் சோதனை). "கண்ண மூடிக்குங்க அங்கிள். நான் தொட்டா 'ம்' சொல்லுங்க."

பெருவிரலில் தொட்டார். "ம்" என்றார். நடுவிரலில் தொட்டார். பேச்சில்லை. பாதத்தின் மேட்டில் தொட்டார். பேச்சில்லை. பிறகு தாதி எதையோ குறித்துக்கொள்ளக் கையை எடுத்துத் திரும்பினார். அப்போது என் கணவர், "ம்" என்றார். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை, "ம்."

யாரும் அவரைத் தொடவில்லை. தாதி என்னைப் பார்த்தார். நான் இருக்கிறேன் என்பதற்காகத்தான் அவர் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நடந்த பிறகும், கண்ணை மூடிக்கொண்டும், எனக்காக ஒரு பொய். வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு நாள் என்பது வேறாகிவிட்டது. முன்பெல்லாம் தங்கத்தின் விலை பார்த்துத்தான் பொழுது விடியும். இப்போது நேற்று மாலை பார்த்த பாதத்துக்கும் இன்று மாலை பார்க்கப்போகும் பாதத்துக்கும் நடுவில் இருப்பதுதான் ஒரு நாள். கடையில் நிற்கும்போதே என் விரல்கள் அந்தப் பாதத்தைத் தேடும். எங்காவது சூடு தெரிகிறதா, சிவப்பு இருக்கிறதா, தோல் வெடித்திருக்கிறதா என்று. அவருக்குத் தெரியாத சூட்டை நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அது என் பாதமா அவர் பாதமா என்று சில நேரம் எனக்கே தெளிவில்லை.

இந்த ஆண்டு ஐப்பசியில் அவர் தீ மிதிக்கவில்லை. மருத்துவர் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தீமிதிக்கு முந்தின மாலை கடையிலிருந்து என்னை அழைத்துப் போக வந்தவர், சிராங்கூன் சாலையில் மஞ்சள் வேட்டியோடு போய்க்கொண்டிருந்த பக்தர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூடிய காலணிக்குள் அவர் கால்கள். கூப்பிய கையை வெகுநேரம் எடுக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றேன், ஆனால் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து காலைக் கழுவித் துடைத்துக்கொண்டு அவரே என் எதிரே உட்கார்ந்தார். தொலைக்காட்சியைப் போடவில்லை. தாதி சொல்லிக்கொடுத்த மாதிரி விரல் நுனியால் மெதுவாகத் தொட்டுப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பெருவிரல். "ம்."

பிறகு சுண்டுவிரல் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், தழும்பின் ஓரத்தில், விரலை வைத்தேன். அவர் புருவம் சுருங்கியது. உதடு "ம்" என்று சொல்லத் திறந்தது போலத்தான் இருந்தது. நான் காத்திருந்தேன்.

"தொடறியா மஞ்சு?"

"நீங்கதான் சொல்லணும்."

"தெரியல," என்றார். கண்ணைத் திறக்கவில்லை. "தொடறியா இல்லையான்னே எனக்குத் தெரியல."

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் எனக்குச் சொன்ன எத்தனையோ நல்ல வார்த்தைகள் இப்போது எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கின்றன. இந்த ஒன்றை நம்பினேன். என் மோதிர விரல், மரு இருந்த அதே விரல், அப்போது அவர் பாதத்தின் மேல்தான் இருந்தது. அதை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.